ஆறு ராசிக்கும் ஒரு நாய்

என் பேரு தேன்மொழி. நான் வாயத் தெறந்து பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எங்கப்பா இந்தப் பேர வச்சுட்டாரு, அதனால அவரக் குத்தம் சொல்ல முடியாது. சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டுனா வர்ற மாசாயில பத்தொம்பது வருஷமா ஒரே வீடு, ஒரே வேலை. பாசிர் கூடாங்ல பிளாஸ்டிக் மூடி செய்யுற ஃபேக்டரில நைட் ஷிப்ட். சாயங்காலம் ஆறேகாலுக்கு ஃபேக்டரி பஸ் வாசலுக்கே வரும், மறுநாள் காலையில எட்டு மணிக்குக் கொண்டாந்து விடும். எனக்குப் பகல்தான் ராத்திரி. இத எங்க தாமான்ல இருக்குற அத்தன வீட்டுக்கும் சொல்லிப் புரிய வச்சுட்டேன். கேஸ் கொண்டு வர்ற ஆளுகூட என் வீட்டுக்கு முன்னாடி ஹார்ன் அடிக்க மாட்டான். பக்கத்து வீட்டு நாய்க்கு மட்டும் புரிய வைக்க முடியல.

நாய் பேரு மேஜர். கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு, தேடினாலும் ஒரு வெள்ள முடி கெடைக்காது. சொந்தக்காரரு கனகசபை அங்கிள். சிலோன்காரரு, கவர்மென்ட் ஆபீஸ்ல சீஃப் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன காலத்துல அவரு தாத்தா ரயில்வேல பேனா புடிச்சாராம். இத நான் கேக்கல, அவரே ரெண்டு தடவ சொல்லியிருக்காரு. நாய்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாரு. நம்மகிட்ட தமிழ்ல பேசுறாரே, அதுவே பெருசு.

போன வருஷம் அவரு சம்சாரம் செல்லப்பாக்கியம் ஆன்ட்டி தவறிட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் ஆஸ்திரேலியாவுல. அதுக்கப்புறம் அங்கிள் தினமும் ஒம்பது மணிக்குத் தொப்பி, குடை, பேப்பரோட காரெடுத்துக்கிட்டுக் கெளம்புவாரு, நாலு மணிக்குத்தான் திரும்பி வருவாரு. எங்க போறாருன்னு யாருக்கும் தெரியாது, கேக்குற தைரியமும் யாருக்கும் இல்ல. நான் எட்டரைக்குப் படுப்பேன். ஒம்பதுக்குக் கார் சத்தம் கேக்கும். ஒம்பது ஒண்ணுக்கு மேஜர் ஆரம்பிக்கும். மூணு குரைப்பு, ஒரு மூச்சு, அப்புறம் ஒரு நீள ஊளை. திரும்பவும் மூணு குரைப்பு. நாலு மணிக்கு அதே கார் சத்தம் கேட்டதும் சுவிட்ச அணைச்ச மாதிரி நின்னுரும்.

மொத தடவ மரியாதையாத்தான் போய்ச் சொன்னேன். நாய் அவரு கால் பக்கத்துல பெருமாள் கோயில் தூண் மாதிரி அசையாம உக்காந்திருந்துச்சு. அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "மேஜர் குரைக்கிறதில்லை, பிள்ளை. நல்ல வளர்ப்பு," அப்படின்னாரு. அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைய எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்கு மூக்கு மேல கோபம். ஆனா பெரிய மனுஷன், பெண்டாட்டி போன வீடு, வாய அடக்கிக்கிட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது தடவ போன்ல பதிஞ்சு எடுத்துட்டுப் போனேன். முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு, இது வேற நாய், மேஜரோட குரலு இப்படி இருக்காதுன்னுட்டாரு. முனிசிபல் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டேன். அங்கேருந்து ஒரு தம்பி வந்தான், நாலரை மணிக்கு. மேஜர் அவனுக்குக் கை குடுத்துச்சு. அவன் நாயோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போனான்.

எங்க வீட்டுக்காரரு வீரமுத்துவுக்குச் சிங்கப்பூர்ல வேலை, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. இடி விழுந்தாலும் தூங்குற மனுஷன். காதுல பஞ்சு வச்சுக்கோன்னு சொன்னாரு. அந்தப் பஞ்ச எடுத்து அவரு மேலயே வீசுனேன்.

இது வெறும் தூக்கத்தோட போற விஷயம்னா நான் பொறுத்துக்கிட்டிருப்பேன். மூடி ஓடுற பெல்ட் முன்னாடி ஒரு ராத்திரி உக்காந்தபடியே கண்ணு சொக்கிருச்சு. முழிச்சுப் பாத்தா பதினோரு பொட்டில நீல மூடியோட சிவப்பு மூடி கலந்து கெடக்கு. சூப்பர்வைசர் காக் நோர் நல்ல மனுஷிதான், ஆனா அவங்களுக்கும் மேல ஆளு இருக்கே. மொத வார்னிங் லெட்டர் வந்துச்சு. மூணு லெட்டர் வந்தா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். நாப்பத்தேழு வயசுக்காரிய இனி எந்த ஃபேக்டரி புதுசா எடுக்கும்? அன்னைக்குக் குளியலறையில தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுதேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் அதுவும் அழுதுக்கிட்டு இருந்துச்சு.

அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு வழி தெரிஞ்சுச்சு. கோயிலுக்குப் பக்கத்துல பூக்கடை வச்சிருக்குற ரூபினி வாராவாரம் எனக்குப் பூ கொண்டாந்து குடுப்பா. குடுத்துட்டுப் போகாம, அங்கிள் வீட்டுக் கேட்டுல சாஞ்சுக்கிட்டு யார்கிட்டயோ போன்ல அளக்க ஆரம்பிச்சுட்டா. பேச்சு வாக்குல பையில இருந்த ரொட்டியப் பிச்சுப் பிச்சு மேஜருக்குப் போட்டா. அரை மணி நேரம் ஒரு சத்தம் இல்ல. அவ போனா, அது ஆரம்பிச்சுச்சு. சரி, வாய் நெறஞ்சா குரைக்காதுன்னு நான் கணக்குப் போட்டேன். ஆனா ஒம்பதுலேருந்து நாலு வரைக்கும் நின்னு ஊட்டுறதுக்கு ஆளுக்கு எங்க போறது?

அடுத்த வெள்ளி ரூபினி வந்து ஏன்க்கா மூஞ்சி இப்படி வீங்கியிருக்குன்னு கேட்டா. நான் அவளக் கிட்டக் கூப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். ரூபினிகிட்ட யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா, மைக்கு வச்சுச் சொன்னதுக்குச் சமம். யோங் பெங்ல ஒரு ஜோசியரு இருக்காராம், பேரு வெளிய சொல்லக் கூடாதாம். அவரு சொன்ன பரிகாரம். பைரவரு சனிக்கே குரு, அவரு வாகனம் நாயி. ஒரு வெள்ள முடி இல்லாத கறுப்பு நாய்க்கு, அதுவும் அடுத்தவங்க வீட்டு நாய்க்கு, தன் கையால தயிர்சோறு போட்டா சனி அப்படியே எறங்கிருமாம். அந்த ஜோசியரப் பெத்தது நான்தான். அவருக்கு அப்ப வயசு ரெண்டு நிமிஷம்.

பொய்யின்னு வந்துட்டா அரைகுறையா விடக் கூடாது. நாலு சட்டம் போட்டேன். சோத்துல வெங்காயம், உப்பு ஆகாது. நாய் பக்கத்துல நின்னாப் போதாது, அடுத்த ஆளு வர்ற வரைக்கும் உக்காரணும். நாம இருக்கும்போது நாய் குரைச்சா பரிகாரம் போச்சு, மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அப்புறம்தான் என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன். ஒவ்வொரு ராசிக்கும் ஒவ்வொரு நேரம். ஏழரைச் சனிக்காரங்க கும்பம் ஒம்பது மணி, மீனம் பத்தேகால், மேஷம் பதினொன்றரை. அஷ்டமச் சனி சிம்மத்துக்குப் பன்னெண்டே முக்கால். கண்டகச் சனி கன்னிக்கு ரெண்டு. அர்த்தாஷ்டமச் சனி தனுசுக்கு மூணு. தாமான்ல பாதிப் பேருக்குச் சனி. பூக்காரி காதுலயே பூ சுத்திட்டுக் கதவச் சாத்துனேன்.

திங்கக்கிழமை காலையில கார் போச்சு. நான் மூச்சப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். மேஜர் ஒரே ஒரு தடவ குரைச்சுச்சு. அதுக்குள்ள டிஃபன் கேரியர் தெறக்குற சத்தம். ஜன்னல் துணிய நகத்திப் பாத்தா, கும்ப ராசிக்காரி ஒருத்தி கேட்டு கம்பிக்குள்ள கைய விட்டுச் சோறு போட்டுக்கிட்டு, மருமகளப் பத்தி நாய்கிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருக்கா. அவளுக்கு அப்புறம் மீனம் வந்துச்சாம், மேஷம் வந்துச்சாம். எனக்குத் தெரியாது. நான் செத்த பொணம் மாதிரி தூங்கிட்டேன்.

பன்னெண்டு நாள். அந்தப் பன்னெண்டு நாள நான் மறக்க மாட்டேன். பசி எடுத்துச்சு, தோலு மினுமினுத்துச்சு, பெல்ட்ல ஒரு மூடி தப்பல. காக் நோர் என்னைய நிறுத்தி, புருஷன் ஊர்ல இருக்காரான்னு கேட்டு கண்ணடிச்சாங்க. கனகசபை அங்கிள் மட்டும் ஒரு நாள் கேட்டுல நின்னு, மேஜர் ராத்திரி சாப்பிட மாட்டேங்குது, ஆனா தொப்ப போடுதுன்னு கவலப்பட்டாரு. வயசாகுது அங்கிள்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

பதிமூணாம் நாள் கெட்டுச்சு. மேஷ ராசிக்காரி ஒருத்தி மகள் ஷர்மினிக்கு மூணு வருஷமா அமையாத மாப்பிள அமைஞ்சுச்சு. சிம்ம ராசிக்காரருக்கு முட்டி வலி போச்சாம். ரூபினி அத ஊதிவிட்டா. பண்டார் தெங்காராவுலேருந்து ஒரு வேன் நெறைய ஆளு வந்து எறங்குச்சு. தட்டு, மணி, சூடம், பேசுற சத்தம், பிள்ளைங்க அழுகுற சத்தம். ராசி நேரம் எல்லாம் காத்துல போச்சு, எல்லா ராசியும் ஒண்ணா வந்துச்சு. மேஜர் குரைக்கல, நான் தூங்கவும் இல்ல. அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஷர்மினி வீட்டுக்காரங்க நேத்திக்கடன்னு சொல்லி உருமி மேளத்த எறக்குனாங்க. என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரா ஆறு மேளம். நான் தலகாணிய ரெண்டு காதுலயும் அமுக்கிக்கிட்டு, செஞ்ச பாவத்துக்கு ஒவ்வொரு அடியா வாங்கிக்கிட்டேன். அங்கிள் நாலு மணிக்கு வந்தப்ப ரோட்டுல கெடந்த பூவப் பாத்து, யாருக்கோ கல்யாணம்னு நெனச்சுக்கிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி திரும்பவும் கண்ணு சொக்கிருச்சு. இந்தத் தடவ மெஷினே நின்னு போச்சு. ரெண்டாவது லெட்டரக் குடுக்கும்போது காக் நோர் என் மூஞ்சியப் பாக்கல. இனி ஒரே ஒரு தப்பு, லேட்டா வந்தாலும் தப்புதான்னு மெதுவாச் சொன்னாங்க.

காலையில பஸ்ஸவிட்டு எறங்குன கையோட நேரா ரூபினி கடைக்குப் போனேன். எல்லாம் பொய்யி, ஜோசியரு பொய்யி, நான்தான் கட்டிவிட்டேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவ பூ கட்டிக்கிட்டே என்னைய ஏற எறங்கப் பாத்தா. மத்தவங்களுக்கு நல்லது நடக்குதுன்னு உனக்கு வயித்தெரிச்சல், நாய நீ மட்டும் வச்சுக்கலாம்னு பாக்குறன்னுட்டா. வாழ்க்கையில மொத தடவையா உண்மை பேசுனேன், அது எடுபடல. கடைசியா, நாளைக்குப் பிரதமை, பிரதமையில நாய்க்குச் சோறு போட்டா சனி ரெட்டிப்பாகும்னு சொன்னேன். அத உடனே நம்புனா.

எனக்கு ஒரு நாள் கெடச்சுச்சு. நாலு மணிக்கு அங்கிள் கார விட்டு எறங்கும்போதே கேட்டுல போய் நின்னேன். தயிர்சோறு, ராசி, மேளம், ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். அவரு மூஞ்சி செவந்துக்கிட்டே வந்துச்சு. இதெல்லாம் சைவ சமயமான்னு கேட்டாரு. படிச்ச சனங்க செய்யுற வேலையான்னு கேட்டாரு. நான் படிக்கலதான் அங்கிள், ஆனா உங்க நாய் குரைக்குதுன்னு சொன்னது மட்டும் பொய்யில்ல, எனக்கு வேலை போகப் போகுதுன்னேன். நாளைக்கு ஒம்பது மணிக்கு எப்பவும் போலக் கெளம்புங்க, காரக் கடை வரிசைக்குப் பின்னால விட்டுட்டு, பின்பக்கச் சந்து வழியா என் வீட்டுக்கு வாங்க. ஒரு மணி நேரம் உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு நான் பொய் சொல்றேன்னு சொன்னா, நான் வீட்ட மாத்திக்கிட்டுப் போயிடுறேன்னு சொன்னேன்.

வந்தாரு. தொப்பி, குடையோட என் அடுப்படி வழியா, திருடன் மாதிரி குனிஞ்சு வந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஹால்ல உக்கார வச்சு மைலோ கலக்கிக் குடுத்தேன். கப்ப வாய்ல வைக்கக்கூட இல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் மேஜர் ஆரம்பிச்சுச்சு. மூணு குரைப்பு, ஒரு மூச்சு, அந்த நீள ஊளை.

ஜெயிச்சுட்டேன்னு அவரு மூஞ்சியப் பாத்தேன். அங்கிள் கப்ப மேசையில வச்சாரு. தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு. நாய் மறுபடியும் ஊளையிட்டுச்சு. அவரு அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பத்து நிமிஷம், இருவது நிமிஷம், அது நிக்கவே இல்ல.

"ஒவ்வொரு நாளுமா?" அப்படின்னாரு.

ஒரு வருஷமா, ஞாயித்துக்கிழமையும் சேத்துன்னேன். அப்புறம் தாங்க முடியாம, அப்படி தெனமும் எங்கதான் போறீங்க அங்கிள்னு கேட்டுட்டேன். அவரு பேசுனப்ப கவர்மென்ட் ஆபீசர் குரலு இல்ல.

"ஒரு இடமும் இல்லை, பிள்ளை. ஷாப்பிங் மோல்ல போய் ஒரு கதிரையில இருப்பன். பேப்பர் வாசிப்பன். செல்லப்பாக்கியம் பகல் முழுக்க கதைச்சுக்கொண்டே இருப்பா. இப்ப அந்த வீட்டில தனிய இருக்க ஏலாது."

எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுச்சு. சோத்துக்காக அது வாய மூடல. ரூபினி போன்ல பேசுனதுக்கு, கும்ப ராசிக்காரி மருமகளத் திட்டுனதுக்கு, பக்கத்துல ஒரு மனுஷ சத்தம் இருந்ததுக்கு. அந்த நேரத்துல ஆறுதலா நாலு வார்த்த சொல்லியிருக்கணும். நான் தேன்மொழியாச்சே. வாயில வந்தது வந்துருச்சு.

"உங்களால தனியா இருக்க முடியாத வீட்டுல, அது மட்டும் எப்படி அங்கிள் இருக்கும்?"

சொன்னதும் நாக்கக் கடிச்சுக்கிட்டேன். அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. தொப்பிய மறந்துட்டு, பின்வழியா போகாம, முன்கதவத் தெறந்துக்கிட்டு நடந்தாரு. கேட்டு தெறக்குற சத்தம் கேட்டுச்சு. ஊளை பாதியில நின்னுச்சு. அப்புறம் அவரு குரலு, மெதுவா, தமிழ்ல. நாய்கிட்ட அவரு தமிழ்ல பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

நான் போய்ப் படுத்தேன். கண்ணு எரிஞ்சுச்சு, கொஞ்சம் அழுதேன்னும் வச்சுக்குங்க. அதுக்கப்புறம் எதுவும் ஞாபகம் இல்ல. தாமானே இல்லாத மாதிரி ஒரு அமைதி. ஒரு வருஷத்துத் தூக்கம் ஒரே நாள்ல வந்து என் மேல ஏறிப் படுத்துக்கிச்சு. அலாரம் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போனது எனக்குத் தெரியாது. பஸ் ஹார்ன் அடிச்சதும் தெரியாது.

தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. என் தலமாட்டு ஜன்னலுக்கு வெளிய, காதுக்குள்ளேயே வந்து குரைக்கிற மாதிரி மேஜர். மூணு குரைப்பு, அப்புறம் இன்னும் மூணு. இவ்வளவு சொல்லியும் புத்தி வரலையான்னு, சனியனேன்னு கத்திக்கிட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டுத்தான் ஜன்னலத் தெறந்தேன்.

என் வீட்டு வாசல்ல கனகசபை அங்கிள் நின்னாரு. கைலி கட்டியிருந்தாரு, கையில நாய்ச் சங்கிலி. ஜன்னலக் கைகாட்டி, "குரை மேஜர், இன்னும் குரை," அப்படின்னு அதட்டிக்கிட்டு இருந்தாரு. அவருக்குப் பின்னாடி ஃபேக்டரி பஸ், ஜன்னலுக்கு ஒரு தலையா எல்லாரும் எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. டிரைவர் ரெண்டு தடவ கெளம்பப் பாத்தாராம், அங்கிள் குடைய நீட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு முன்னாடி நின்னுட்டாராம். அப்புறமா பஸ்ல சொன்னாங்க.

"பிள்ளை, மணி ஆறரை. கெதியா வாங்கோ," அப்படின்னாரு.

செருப்பு கையில இருந்தபடியே, தலைய வாராம, யூனிஃபார்மத் தப்பாப் பித்தான் போட்டுக்கிட்டு ஓடி வந்து ஏறுனேன். அந்த பஸ்ஸ விட்டிருந்தா மூணாவது லெட்டர். நன்றின்னு ஒரு வார்த்த வாய் வரைக்கும் வந்துச்சு, வரல. திட்டுறதுக்குப் பழகுன வாயி. பஸ் ரோட்டு முனையில திரும்புற வரைக்கும் மேஜர் குரைச்சுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரி காதப் பொத்திக்கிட்டு, என்னக்கா இந்த நாயின்னா. நான் அவளத் திரும்பிப் பாத்து, அது எங்க வீட்டு நாய்தான், சும்மா இருன்னு சொன்னேன்.